பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர்

மனித இனம் இதுவரை கண்டுபிடித்த இலக்கிய வடிவங்களிலேயே உன்னதமானது கல்லூரி விண்ணப்பக் கட்டுரைதான் என்பதும், அதில் உண்மையை எழுதுகிறவன் அந்த இலக்கியத்துக்கே துரோகம் செய்கிறான் என்பதும் கவர்னரின் தீர்மானமான கொள்கை. இதை அவன் கேன்டீனில், கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு நிதானமாக, எதிரே இருப்பவர் எழுந்து போன பிறகும் விளக்கக்கூடியவன்.

கவர்னர் என்பது பதவி அல்ல, பட்டப்பெயர். முதல் வருஷம் முதல் வகுப்பில், படித்து முடித்து என்னவாகப் போகிறீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். மற்றவர்கள் வங்கி, ஆடிட்டிங், மாமாவின் கம்பெனி என்று ஏதேதோ சொன்னார்கள். இவன் எழுந்து நின்று, "மத்திய வங்கி கவர்னர்" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். இப்போது கடைசி வருஷம். வீட்டில் அக்காகூட, "கவர்னர் சார், ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க" என்றுதான் சொல்கிறாள்.

அவன் குறிவைத்திருந்தது நிதியியல் முதுகலைப் படிப்பு ஒன்றை. விண்ணப்பிக்கிறவர்களை உட்கார வைக்க ஒரு ஸ்டேடியம் வேண்டும். சேர்த்துக்கொள்கிறவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அப்படிப்பட்ட படிப்பு. மதிப்பெண், நுழைவுத் தேர்வு, கட்டுரை, எல்லாவற்றையும் தாண்டினால் கணினி வழியாக ஒரு நேர்காணல். வேறு இரண்டு கல்லூரிகள் ஏற்கெனவே வருத்தம் தெரிவித்துவிட்டன. இரண்டு வருத்தங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் போனால், அப்பா வேலை பார்க்கும் ஷோரூமில் பில் போடுகிற இடம் காலியாக இருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே படிப்புக்கு அவனுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் விண்ணப்பித்திருந்தாள். அவளுக்குப் பட்டப்பெயர் தசமம். எதைக் கேட்டாலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை பதில் வரும். பஸ் எப்போது வரும் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை, அவள் சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸே வந்துவிடும். விண்ணப்பத்தை அனுப்பிய மறுநாள் அவள் வெளிறிப்போய் வந்தாள். முதலீட்டு மன்றத்தின் 'தலைவர்' என்று எழுதிவிட்டாளாம். அவள் 'இணைத் தலைவர்'. உடனே சேர்க்கை அலுவலகத்துக்கு, 'ஒரு சிறு திருத்தம்' என்று தலைப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள்.

கவர்னருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"அந்த மன்றத்துல மொத்தமே நீயும் இன்னொரு இணைத் தலைவரும்தானே? ரெண்டு பேரும் யாருக்குத் தலைமை தாங்கினீங்க, சீலிங் ஃபேனுக்கா?"

"தப்புன்னா தப்புதானேடா."

"அங்க இப்ப என்ன நடக்கும் தெரியுமா? ஒருத்தர் உன் மெயிலைப் படிச்சுட்டு பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிடுவார். 'சார், இந்தப் பொண்ணுக்குப் பொய்யே வராது போலிருக்கு. இதை நிதித்துறையில விட்டா தொழில் என்னத்துக்கு ஆகும்?'"

மேஜையே சிரித்தது. தசமமும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. அதன் பிறகு கேன்டீனில் யாராவது சர்க்கரை கம்மி என்று சொன்னால்கூட, "ஒரு சிறு திருத்தம்" என்று கவர்னர் குரல் கொடுப்பான். சலிக்கிற வரை சொன்னான். மற்றவர்களுக்குச் சலித்த பிறகும் சொன்னான்.

அவனுடைய கட்டுரைக்கு வருவோம். கேள்வி இதுதான்: 'நீங்கள் எடுத்த, அல்லது அருகிலிருந்து பார்த்த, ஒரு தவறான நிதி முடிவைப் பற்றியும் அதிலிருந்து கற்றுக்கொண்டதைப் பற்றியும் எழுதுக.'

இந்தக் கேள்விக்கென்றே பிறந்தவன் கவர்னர். அப்பாவுக்கு முன்பு சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. சின்னக் கடை. ஒரு பக்கம் ஃப்ரேம் அலமாரி, உள்ளே லென்ஸ் தேய்க்கிற மெஷின், வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். கவர்னர் பள்ளியில் மேல் வகுப்பு படிக்கும்போது கணினியில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டவன் சும்மா இருக்க வேண்டுமே. கடையின் விற்பனையைக் கட்டங்களில் ஏற்றி, ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டை அடுத்த வருஷம் வரை இழுத்துவிட்டு அப்பாவின் முன் வைத்தான். கோடு மேலே போனது. இனி உருண்டை ஃப்ரேமுக்குத்தான் எதிர்காலம் என்று அது சொன்னது.

"இவ்வளவு உருண்டை போகுமாடா?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார்.

"கோட்டைப் பாருங்கப்பா."

அப்பா கோட்டைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். எதைப் பார்த்து முடிவு செய்தாரோ, கையிலிருந்த முதல் எல்லாவற்றையும் போட்டு உருண்டையாக வாங்கினார்.

அந்த வருஷம் ஊரே சதுரத்துக்கு மாறியது. கடை மூடியது. அப்பா பெரிய ஷோரூம் ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்து, வேறு யாரோ விற்கிற ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்த ஆரம்பித்தார். மிஞ்சியதெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் போயிற்று. இன்றைக்கும் குடும்ப போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை என்று வரிசையாக எல்லாரும் ஒரே உருண்டைக் கண்ணாடியோடு, ஆந்தைகள் சங்கத்தின் ஆண்டு விழா போல நிற்பார்கள். அப்பா போட்டிருப்பதும் அதுதான். கடையை ஏன் மூடினாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், "வியாபாரம் சரியில்ல" என்றார். கோட்டைப் பற்றி ஒருவரிடமும், அம்மாவிடம்கூட, அவர் வாயைத் திறந்ததில்லை.

கேள்வியில் 'எடுத்த' என்றும் இருந்தது, 'பார்த்த' என்றும் இருந்தது. கவர்னர் வெகுநேரம் தடுமாறினான் என்று சொன்னால் அது அவனுக்குச் செய்கிற உபசாரம். 'பார்த்த' என்பதை எடுத்துக்கொண்டான். கட்டுரையில் அப்பா ஆசைப்பட்டு உருண்டை ஃப்ரேம்களை வாங்கினார். மகன் கணக்குப் போட்டுக் காட்டி எச்சரித்தான். அப்பா, 'என் உள்ளுணர்வு சொல்கிறது' என்றார். இறக்கிவிட்ட ஷட்டரின் முன்னால் நின்று அந்தச் சிறுவன் நிதியியல் படிப்பது என்று சபதம் எடுத்தான். ஷட்டரின் மேல் மாலை வெயில் விழுந்தது. படித்துப் பார்த்தபோது கவர்னருக்கே அந்தச் சிறுவன் மேல் பரிதாபம் வந்தது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தசமத்துக்கு வரவில்லை.

"பாத்தியா, இலக்கியம்!" என்றான்.

"வாழ்த்துக்கள்டா" என்றாள். புள்ளிக்குப் பிறகு எதுவும் இல்லாத முழு வாழ்த்து.

நேர்காணல் அன்று வீட்டில் ஊரடங்கு. அம்மா மிக்சிக்குத் தடை போட்டாள். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, காலிங் பெல்லின் மேல் 'தொட்டால் நான் பொறுப்பல்ல' என்று எழுதி ஒட்டினாள். அப்பா அரை நாள் லீவு கேட்டு வாங்கி வந்து மேஜை விளக்கை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"மூஞ்சில க்ளேர் அடிக்கக் கூடாது. கண்ணு தெரியணும். கண்ணு தெரிஞ்சாத்தான் ஆளை நம்புவாங்க."

"நான் பாத்துக்கறேன்ப்பா."

"காலர் மடங்கியிருக்கு."

"அப்பா!"

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. இணையப் பெட்டியின் பிளக், சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. அது கவர்னர் உட்காரும் ஹாலை ஒட்டிய அறையில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், முழங்கால் உயரத்தில் இருந்தது. யாராவது அழுத்தி நடந்தாலே பெட்டி அணைந்துவிடும். அன்றைக்குப் பார்த்து மடித்த அட்டைக்கும் நிற்கவில்லை, ரப்பர் பேண்டுக்கும் நிற்கவில்லை, அக்காவின் ஹேர் கிளிப்புக்கும் நிற்கவில்லை. போனில் சிக்னல் என்பது மாடிப்படியில் மட்டும் கிடைக்கிற பொருள்.

"நீ போய் உக்காரு. நான் பிடிச்சுக்கறேன்" என்றார் அப்பா.

"எவ்வளவு நேரம்ப்பா பிடிப்பீங்க?"

"நீ பேசி முடிக்கிற வரைக்கும்."

தரையில் உட்கார்ந்து, தோளைச் சுவரில் சாய்த்து, பிளக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். பச்சை விளக்கு நின்று எரிந்தது.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேராசிரியை, இன்னொருவர் அங்கே படித்துவிட்டு இப்போது முதலீட்டு நிறுவனத்தில் இருப்பவர். பேச்சு ஆங்கிலத்தில்தான். அப்பாவுக்குப் புரியாது என்று கவர்னர் சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. லென்ஸ் கம்பெனிகளோடு காலமெல்லாம் ஆங்கிலத்தில் சண்டை போட்டவர் அவர். வட்டி ஏறினால் கடன் பத்திரத்தின் விலை என்னவாகும் என்று கேட்டார்கள். சொன்னான். ரிஸ்க் பற்றிக் கேட்டார்கள். அதையும் சொன்னான். பிறகு பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் கட்டுரை என்னை உலுக்கிவிட்டது. அந்தக் கடையைப் பற்றி உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லுங்களேன்" என்றார்.

திரைச்சீலைக்கு அடியில் அப்பாவின் பாதம் தெரிந்தது.

இந்த மாதிரி இடத்தில் கதாநாயகனுக்கு முன்னால் இரண்டு வழிகள் பிரியும் என்று எழுதுவார்கள். கவர்னருக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அதைத்தான் அவன் ஒத்திகை பார்த்திருந்தான். "என் அப்பா நல்ல மனிதர். ஆனால் எண்களை நம்பாதவர்" என்று ஆரம்பித்தான். கணக்கு, எச்சரிக்கை, உள்ளுணர்வு, ஷட்டர், எல்லாம் வரிசையாக வந்தன. குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது. நடுக்கம் ஒத்திகையில் வந்ததைவிட நன்றாக இருந்தது.

"பிற்பாடு உங்கள் அப்பா தன் தவறை ஒப்புக்கொண்டாரா?" என்று மற்றவர் கேட்டார்.

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி.

"ஒப்புக்கொண்டார்" என்றான். "இப்போதெல்லாம் எது செய்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்கிறார்."

இரண்டு பேரும் புன்னகை செய்தார்கள். இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. படம் ஒரு நொடி உறைந்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடைசி வரை அவ்வளவு தெளிவாக இருந்தது.

முடிந்ததும் அப்பா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். வலது கை விரல்கள் மடங்கிய வாக்கிலேயே நின்றுவிட்டன. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படிப் பேசினான்?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"நல்லாப் பேசினான். ஒரு இடத்துலகூடத் தடுமாறல."

"நான் பெல்லைக் காப்பாத்தினேனே, அதை யாராவது சொல்றீங்களா?" என்றாள் அக்கா.

அம்மா போய் மிக்சியைப் போட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மீதி அரை நாள் வேலைக்குக் கிளம்பினார்.

அப்பா கத்துவார் என்று கவர்னர் காத்திருந்தான். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அந்தப் பாடத்தில் அவன் எப்போதும் முதல் மாணவன். அப்பா கத்தவில்லை. வழக்கம்போலச் செய்தி பார்த்தார், வழக்கம்போல அதைத் திட்டினார், வழக்கம்போல அதன் முன்னாலேயே தூங்கினார். வேறு வழியில்லாமல் கவர்னர் நல்ல பிள்ளையாக மாற ஆரம்பித்தான். துண்டைக் கொடியில் போட்டான். அப்பாவுக்குக் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"என்னடா, வீட்ல யாராவது உயில் எழுதறாங்களா?" என்றாள் அக்கா.

ஒரு நாள் அப்பா சாப்பாட்டு டப்பாவை மறந்து போய்விட்டார். கவர்னர் தானாகவே எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனான். முன்பக்கம் முழுக்க விளக்கும் கண்ணாடியும். பின்பக்கம் ஒரு தடுப்புக்கு அப்பால், தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் மெஷினின் முன்னால் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பனைப் பையன் ஒருவன் கையில் புது மாடல் ஃப்ரேம்களோடு வந்தான்.

"அண்ணே, இதுல எதை அதிகமா ஆர்டர் போடலாம்? நீங்க கடை வெச்சிருந்தவராச்சே."

"எனக்கு அது தெரியாதுப்பா" என்றார் அப்பா, நிமிராமல். "நான் தேய்க்கிறதோட சரி."

கவர்னருக்கு நினைவு வந்தது. பழைய கடையில் ஆள் படியேறும்போதே, வருகிறவர் முகத்துக்கு எந்த ஃப்ரேம் என்று எடுத்து வைத்துவிடுகிற மனிதர் அவர். டப்பாவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான். அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பாட்டு மேஜையில், சித்தியின் உருண்டைக் கண்ணாடிக்கு மூக்குப் பட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"டேய், இங்க வா. காலேஜ்லேர்ந்து வீட்டுக்கு போன் போட்டு விசாரிப்பாங்களா?"

"தெரியலப்பா. ஏன்?"

"சில இடத்துல கேப்பாங்களாம். கேட்டா நீ சொன்ன மாதிரியே நானும் சொல்லணும்ல?" கையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "'உள்ளுணர்வுல வாங்கிட்டேன். பையன் வேணாம்னு சொன்னான், நான்தான் கேக்கல.' சரியா வருதா?"

கவர்னர் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தான்.

"நீ எச்சரிச்சது ஆர்டர் போடறதுக்கு முன்னாடியா, சரக்கு வந்து எறங்கின பிறகா? நான் பாட்டுக்கு மாத்தி உளறிடக் கூடாது."

"அப்பா, விடுங்கப்பா."

"முன்னாடின்னே வெச்சுக்கறேன். அப்பதான் பொருந்தும்."

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

"கேட்டா? இதுல என்னடா இருக்கு. அவங்க கேள்வியே அப்படித்தான இருந்துச்சு, யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கணும். அது நானா இருந்துட்டுப் போறேன். எனக்கு இனிமே எந்தக் காலேஜும் சீட்டு தர வேண்டியதில்லையே."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். நல்ல ஜோக்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் கவர்னர் அதைக் கேன்டீனுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். அப்பா மறுபடி குனிந்து திருகாணியைத் திருகிக்கொண்டே, "உள்ளுணர்வுல வாங்கிட்டேன்... பையன் வேணாம்னான்..." என்று முணுமுணுத்தார்.

"யார்கிட்டங்க பேசறீங்க?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. மனப்பாடம் பண்றேன்."

அன்று முழுவதும் கவர்னர் தன் கொள்கையைத் தனக்குத்தானே விளக்கிப் பார்த்தான். எல்லாரும் எழுதுகிறார்கள், அது இலக்கியம், யாருக்கும் நஷ்டமில்லை. கேன்டீனில் இவ்வளவு தூரம் வருவதற்குள் எதிரே இருப்பவர் எழுந்து போயிருப்பார். இங்கே எழுந்து போக யாருமில்லை. முழுவதையும் அவனே உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் நூலகத்தின் படியில் தசமத்தைப் பிடித்தான்.

"அந்த மெயில் அனுப்பினியே, பதில் வந்துச்சா?"

"'நன்றி, குறித்துக்கொண்டோம்'னு வந்துச்சு."

"அவ்வளவுதானா? அது நல்லதா, கெட்டதா?"

"யாருக்குத் தெரியும்? கூப்பிடல. அதனாலதானா, வேற எதனாலயாவதான்னு அவங்களுக்குத்தான் வெளிச்சம். ஏன் கேக்கற?"

"ஒரு பிரெண்டுக்காக."

"உனக்கு ஏதுடா என்னைத் தவிர பிரெண்டு?"

கவர்னர் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு பெரிய தப்பு?" என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

"ரொம்பப் பெருசு."

அவளுக்கு அந்தக் கேலியெல்லாம் பாக்கி இருந்தது. அந்த இடத்திலேயே மொத்தமாக வசூல் செய்திருக்கலாம். அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"காரணம் எழுத ஆரம்பிக்காதே" என்றாள். "ஆரம்பிச்சா முடியாது. நான் முதல்ல ரெண்டு பக்கம் எழுதினேன், இணைத் தலைவருக்கு! அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டு நடந்ததை மட்டும் எழுதினேன்."

"சீட்டு போயிட்டா?"

"போயிடலாம்" என்றாள்.

கல்லூரிக் கணினி அறையில் மூலையில் ஓர் இடம் கிடைத்தது. பழக்க தோஷம், முதல் பத்தியிலேயே மாலை வெயில் வந்துவிட்டது. அழித்தான். 'அன்று நான் சிறுவன்' என்று ஆரம்பித்தான். அதையும் அழித்தான். பிறகு, ஒரு விரலால் அடிப்பவனைப் போல மெதுவாக அடித்தான்:

'என் கட்டுரையிலும் நேர்காணலிலும் நான் சொன்னது நடந்ததற்கு நேர்மாறானது. அந்த ஃப்ரேம்களை வாங்கச் சொன்னது நான். தவறான கணக்கைப் போட்டதும் நான். அப்பா சந்தேகப்பட்டுக் கேட்டார், நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் தன் தவறை ஒப்புக்கொண்டார் என்று சொன்னேன். ஒப்புக்கொள்ள அவரிடம் தவறு எதுவும் இல்லை. உங்கள் முடிவுக்கு முன் இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.'

'இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது' என்று கை தானாக அடுத்த வரிக்குப் போயிற்று. நிறுத்தி அதை அழித்தான்.

"தம்பி, முடிஞ்சுதா? ஆள் நிக்கறாங்க" என்றார் கணினி அறைப் பொறுப்பாளர்.

"ஒரு நிமிஷம் சார்."

தலைப்புக்கான கட்டம் காலியாக இருந்தது. 'ஒரு சிறு திருத்தம்' என்று அடித்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'சிறு' என்பதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினான்.